மினிபஸ் மங்கையின் மயக்கம்

“லைன்லயே இருங்க சார்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள். மாசானம் லைனிலேயே இருந்தான். சந்தைக்குப் பின்னால் தண்ணித் தொட்டியின் ஈர நிழலில் குத்தவைத்து, போனை ஒரு காதில் அழுத்தி, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டு, அவள் எதற்காகத் தன்னை சார் என்றாள் என்று யோசித்தான். யோசித்ததும் பிடிபட்டது. பேர் என்ன என்று கேட்டாள். மாசானம் என்று சொல்வதற்குத்தான் வீட்டிலிருந்து வாயில் போட்டு மென்றுகொண்டே வந்தான், எம்பேரு மாசானம், பத்தாப்பு படிக்கேன், கருவாட்டுக்கடை செல்லக்கனி மகன், வேறு ஒன்றும் வேண்டாம், இதைச் சொல்ல என்ன கஷ்டம், பிறந்ததிலிருந்து இதே பேர்தானே. ஆனால் வாயைத் திறந்ததும் தொண்டையைக் கரகரவென்று செருமிக்கொண்டு கந்தையா சார் முன்னால் வந்து நின்றுவிட்டார். அதாவது பாருங்கம்மா, நான் கந்தையா, ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர். ஆலடிப்பேரியில் கந்தையா என்று ஒரு டிராயிங் மாஸ்டர் கிடையாது. அவருக்கு மூலக்கடுப்பு உண்டு, கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த ஒரு மகள் உண்டு, எவனாவது சுவரோரம் ஒதுங்கினால் பொறுக்காத குணம் உண்டு, ஆள் மட்டும்தான் இல்லை, போன சித்திரையில் ஒரு மத்தியானம் வேலை வெட்டி இல்லாமல் மாசானம் உண்டாக்கிவிட்ட மனுசன். இப்போது அவர் தேனடை எஃப்.எம்மின் ‘ஊரு என்ன சொல்லுது’ நிகழ்ச்சியில் பேச வரிசையில் நிற்கிறார், அவர் வேட்டிக்குள் ஒளிந்துகொண்டு மாசானம் நிற்கிறான், போனுக்குள் பொன்வண்டு சூப்பர் மார்க்கெட் விரைவில் உங்கள் ஆலடிப்பேரியில் என்று ஒருத்தி குழைகிறாள். இருக்கட்டும், கந்தையா சார் பேரில் உள்ளே போனால் என்ன, போன பிறகு வேட்டியை உதறிவிட்டு வெளியே வந்துவிட வேண்டியதுதான். இன்றைக்கு விட்டால் முடிந்தது. பேரூராட்சி செயல் அலுவலர் இன்றைக்கு ஸ்டூடியோவுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறார், மக்களின் குரலுக்கு மதிப்புக் கொடுத்து முடிவெடுத்ததைச் சொல்வதற்கு. மக்களின் குரல். நாளைக் காலையிலிருந்து கருவாட்டுக் கடைகள் பைபாஸுக்கு அந்தப் பக்கம், குப்பைக் கிடங்கை ஒட்டி. அங்கே பஸ் நிற்காது, நாய் நிற்கும். சார், ஊரு சொன்னதா நீங்க நெனச்சது ஊரு இல்ல சார், நான் ஒருத்தன்தான் என்று அவர் காதில் நேராகப் போட்டுவிட்டால் அவர் ஒருவேளை, ஒருவேளைதான், பேனாவை மூடி வைப்பார். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்து வழியாக அம்மா தெரிந்தாள், சாக்கு விரிப்பின் மேல் நெத்திலியைக் குவித்து அதன் உச்சியைக் கையால் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டு, குழந்தையின் தலையைத் தட்டுவதுபோல, தலைக்கு மேல் தார்ப்பாய்க் கயிற்றில் தொங்கிய பிளாஸ்டிக் பைக்குள் அவளுடைய போன், அதில் இதே நிகழ்ச்சி.

எல்லோருக்கும் ஒரு தொண்டைதான் என்று மாசானம் ரொம்ப நாள் நம்பவே இல்லை. அவன் தொண்டைக்குள் மாவு மில் ஓடியது, தலைமையாசிரியர் மூக்கைச் சிந்தினார், ஐஸ்காரன் மணியை ஆட்டினான், மினிபஸ் ரிவர்ஸ் எடுத்தது. வெங்காயக் கடை தர்மக்கண் அண்ணாச்சி வெத்தலையை ஒதுக்கிக்கொண்டு “கிலோ எம்புட்டுன்னு கேக்கப்பிடாது, எம்புட்டு வேணும்னு கேக்கணும்” என்பாரே, அதை அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்ல, அண்ணாச்சியின் பெண்டாட்டியே “இந்தா வாரேன்” என்று குரல் கொடுத்திருக்கிறாள். அம்மா அடிக்கக் கை ஓங்குவாள், ஓங்கிய கை சிரிப்பில் குலுங்கிக் கீழே இறங்கிவிடும். அந்தச் சிரிப்புக்காக எதையும் செய்யலாம் போலிருக்கும். பிறகுதான் ‘ஊரு என்ன சொல்லுது’ நடத்துகிற செவ்வந்தி அக்காவின் சிரிப்பு வந்தது. முதல் தடவை கந்தையா சார் போன் போட்டு, தெருநாய்களுக்கு நான் ஓவியம் கற்றுக்கொடுக்கத் தயார், அப்போதாவது சுவரை மதிக்கும் அல்லவா என்று கேட்டபோது போனுக்குள் அந்த அக்கா சிரித்தாள் பார், கண்ணாடி வளையல் கூடையோடு சரிந்ததுபோல, ஆலடிப்பேரி முழுக்கச் சரிந்தது, சலூனில், டெய்லர் கடையில், அம்மாவின் தார்ப்பாய்க்குக் கீழே. அம்மா வீட்டுக்கு வந்து சொன்னாள், “ஏல, ரேடியோவுல ஒரு வாத்தியாரு பேசுனாரு பாத்துக்கோ, வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சேன், கருவாடு வாங்க வந்தவ என்னயப் பைத்தியம்னு போய்ட்டா.” மாசானம் சோற்றுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தான். சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பு நின்றுவிடும் என்று ஒரு பயம், யாரோ ஒரு வாத்தியார் சொன்னதால்தானே அது அவ்வளவு வேடிக்கை, பெற்ற பிள்ளை சொன்னால் வாயை மூடிட்டுப் படில என்றுதானே வரும். அதற்குப் பிறகு பாம்பே பாலையா வந்தார், தாராவியில் இட்லி விற்றுவிட்டு ஊர் திரும்பி அச்சா அச்சா என்று எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கிறவர், பிறகு மங்கை வந்தாள், மினிபஸ் மங்கை, புதுசாகக் கட்டிக்கொண்டு வந்தவள், வாயெல்லாம் வெட்கம், வெட்கத்துக்குள் கொடுக்கு. மங்கையைச் செய்யும்போது நாக்கை மேலண்ணத்தில் லேசாக ஒட்டவைத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, கால் பெருவிரலால் தரையில் கோலம் போட வேண்டும், போனில் கால் தெரியாது என்றாலும் போட வேண்டும், இல்லையென்றால் குரல் வராது. இப்போது வராது. ஆடி மாதத்திலிருந்து அவன் தொண்டை உடைந்துவிட்டது, மங்கையைக் கூப்பிட்டால் உள்ளே தகரம் கிழிகிறது. கந்தையா சார் மட்டும் பரவாயில்லை, அவருக்கு ஏற்கெனவே கிழிந்த தொண்டை. தன் குரலைத்தான் எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை, அது காலையில் ஒரு மாதிரி இருக்கிறது, சாயந்தரம் வேறு மாதிரி இருக்கிறது, அதைப் பேசிப் பழகவில்லை.

நீதானேடா கந்தையா சார், என்று செவ்வந்தி அக்கா அவன் காதில் கேட்ட நாள். ஏதோ வாசகம் எழுதி ஹாட்பாக்ஸ் ஜெயித்து, அதை வாங்கிவர ஸ்டூடியோவுக்குப் போயிருந்தான், ஏசி குளிரில் முழங்கையெல்லாம் புள்ளி புள்ளியாக எழும்பியிருந்தது, போட்டோ எடுக்கும்போது தோளில் கை போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்த முகம் மாறாமலேயே கேட்டாள். நீதானே மங்கை, நீதானே அந்த அச்சா அச்சா ஆளு, எனக்கு மூணாவது கால்லயே தெரியும்டா, எல்லாரும் ‘ழ’ வர்ற இடத்துல ஒரே மாதிரி மூச்சு வாங்கறாங்க. அவனுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது, மாட்டிக்கொண்டோம் என்று. அவள் ஓடவிடவில்லை, ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள், சேமியா உள்ளே கிடந்தது, “நீ ஒரு ஆளு இல்லடா தம்பி, நீ ஒரு ஊரு” என்றாள். இந்த உலகத்தில் அவனைப் பார்த்து யாரும் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து நீ ஒரு ஊரு, நீ ஒரு ஊரு என்று அவள் குரலிலேயே சொல்லிக்கொண்டு வந்தான். நமக்குள்ள ரகசியம், என்றாள். ரகசியம் என்றால் இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது என்று நினைத்தான், ஒருத்தர் பையில் இருப்பது என்று தெரியவில்லை. பிறகு ஒரு நாள் அவளே கூப்பிட்டாள், அவளே, தேனடை செவ்வந்தி, அவன் நம்பருக்கு. “சந்தையைப் பத்தி ஒரு வாரம் பேசப் போறோம்டா, செம சப்ஜெக்ட்டு, ஆனா ஒருத்தனும் கால் பண்ண மாட்டேங்கறான், உன் ஆளுங்களைக் கொஞ்சம் அனுப்பேன்.” “என்ன பேசணும்க்கா?” “நாத்தம், கூட்டம், ஈ. ஜாலியா. நீ பேசினா மத்தவங்களும் வருவாங்க, முதல்ல ஒருத்தன் கை தட்டினாத்தானே அரங்கமே தட்டும்.” சரி என்றான். சரிக்கா. கேட்கிறானா பார், ஏன் எதற்கு என்று, யாருடைய நாற்றம் என்று. நாற்றம் என்றதும் அவன் கை தானாகப் போனது தனக்குத் தெரிந்த சாக்குக்குத்தான். வேறு நாற்றம் எதுவும் அவ்வளவு உள்ளும் புறமுமாக அவனுக்குத் தெரியாது, நெத்திலிக்கு ஒரு வாசம், சாளைக்கு ஒரு வாசம், மழை ஈரம் பட்ட வாளைக்கு ஒரு வாசம், பிறந்ததிலிருந்து தலையணையில் அதுதான். ஆகவே மங்கை மறுவீட்டுக்குப் புருசனோடு மினிபஸ்ஸில் ஏறினாள், கருவாட்டுக்காரி ஒருத்தி சாக்கோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், மங்கை மயங்கி விழுந்தாள். “கண்ணத் தொறந்து பாத்தா கண்டக்டர் மடியில கெடக்கேன்க்கா, எங்க வீட்டுக்காரரு அந்தப் பக்கம் திரும்பி மிச்சச் சில்லற வாங்கிட்டு நிக்காரு.” செவ்வந்தி அக்கா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது போனில் கேட்டது. அன்றைக்கு அவன் இந்தத் தொட்டிக்குப் பின்னால் எழுந்து நின்று ஆடினான், நிஜமாகவே, இடுப்பில் கை வைத்து.

அது போய்க்கொண்டே இருந்தது, அதுதான் அவனுக்குப் புரியாமல் போனது. முன்பெல்லாம் ரேடியோவில் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும்; இப்போது அதை வெட்டி எடுத்து, கீழே எழுத்து ஓடவிட்டு, மயங்கி விழும் பொம்மை ஒன்றைச் சேர்த்து, எல்லோர் கைக்குள்ளும் தள்ளிவிட்டார்கள், டியூஷனில் பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கண்டக்டர் மடியில கெடக்கேன்க்கா என்றார்கள், மாசானத்தைவிட நன்றாகச் செய்கிறவள் ஒருத்தி இருந்தாள். பிறகு நிகழ்ச்சிக்கு நிஜமான ஆட்கள் போன் போட ஆரம்பித்தார்கள். நிஜமான பேர், நிஜமான தெரு. ஆமா மேடம், அந்தப் பக்கம் போகவே முடியல மேடம். வாரா வாரம் அம்மாவிடம் சாளை வாங்கிக்கொண்டு போகிற வீடுகள். குழம்பு கொதித்தால் மூன்றாம் வீடு வரை எட்டிப் பார்க்கிற அதே வாசம், ஒரு வாரத்துக்குள் நாற்றம் ஆகிவிட்டது, கருவாடு மாறவில்லை, மூக்குகள் மாறிவிட்டன. மினிபஸ் கண்டக்டர், “யக்கா சாக்க மேல டாப்புல போடு, மங்கை எதும் உள்ள இருக்கப்போறா” என்றான், பஸ்ஸே சிரித்தது, அம்மாவும் சிரித்தாள், சாக்கை டாப்பில் போட்டாள், மறுநாளிலிருந்து அவளும் படிக்கட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தாள், சீட்டு காலியாக இருந்தாலும். கடையில் சாம்பிராணி போட ஆரம்பித்தாள். வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சம் மூடியால் முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்து, தோல் வெள்ளையாகப் பொரிந்து போயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு எட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். “ஏம்மா அங்க போற?” “நீ திங்கணும்லா, அதான்.” தர்மக்கண் அண்ணாச்சி, பத்து வருசமாகப் பக்கத்துக் கடையில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மனுசன், வெத்தலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார், “எனக்கு ஒண்ணும் தெரியலத்தா செல்லக்கனி, ஆனா ஊரே சொல்லுதுன்னா ஏதாவது இருக்கும்லா.” ஊரே. மாசானம் அப்போது அம்மாவுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில்தான் நின்றான், டம்ளர் சூடு கையைச் சுட்டது, வைக்கத் தோன்றவில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா திடீரென்று, “அந்தப் புள்ள வயித்துப்புள்ளக்காரியா இருந்திருக்கும்ல” என்றாள். எந்தப் புள்ள? “அதான், மயங்கி விழுந்துச்சே மங்கைன்னு. மசக்கைக்காரிக்கு அப்பிடித்தான் கொடலப் பெரட்டும். ரெண்டு மூணு தடவ எனக்குப் பக்கத்துல ஒரு புதுப்பொண்ணு உக்காந்து வந்திருக்கா பாத்துக்கோ. அது நாந்தானோ என்னமோ. கண்டா ஒரு வார்த்த கேட்டுக்கிடணும், தாயி மன்னிச்சிக்கோன்னு.” இல்லாத ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்க அம்மா பஸ்ஸில் முகம் முகமாகத் தேடிக்கொண்டு வருகிறாள். அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை, வயிற்று வலி என்றான், அம்மா ஓமத்தண்ணி கொடுத்தாள், கொடுத்துவிட்டு டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு, கை கழுவி, மறுபடி வேறு டம்ளரில் கொடுத்தாள்.

நிறுத்திரலாம்க்கா, என்று அவன் செவ்வந்தி அக்காவைக் கூப்பிட்டுக் கெஞ்சியது எந்தக் குரலில்? அது யார் குரலும் இல்லை, மூக்கு ஒழுகிய குரல். எங்கம்மாதான்க்கா கருவாடு விக்கிறது. அந்தப் பக்கம் சின்னதாக ஒரு ஓசை, ஐயோ மாதிரி, அது நிஜம் என்றுதான் இன்னமும் நினைக்கிறான், நினைக்க ஆசைப்படுகிறான். பிறகு அவள் ஆறுதல் சொன்னாள், அதுதான் பெரிய கொடுமை, அவ்வளவு இதமாகச் சொன்னாள். “நீ ஒருத்தன் சொல்லியாடா ஊரு மாறிடும்? அவங்க மனசுல முன்னாடியே இருந்ததுதான், நாம வாய் கொடுத்தோம், அவ்வளவுதான். மீடியான்னா அதான்டா, கண்ணாடி மாதிரி.” பொன்வண்டு ஆட்கள் சந்தையிடத்தை அளந்துகொண்டு போனதை அவன் சொன்னபோது அவளுக்கு வேறொரு போன் வந்துவிட்டது. அதற்கப்புறம் அவன் நம்பர் அங்கே எடுபடவில்லை, எப்போது போட்டாலும் மூன்று தரம் கீக் கீக் என்றுவிட்டு அணைந்துவிடும், இன்றைக்கு அண்ணாச்சியின் போனைச் சுட்டுக்கொண்டு வந்துதான் லைன் கிடைத்தது. அண்ணாச்சி தேடுவார். தேடட்டும். கண்ணாடி என்றாளே, கண்ணாடி முன்னால் போய் நிற்காத முகத்தைக் கண்ணாடி காட்டுமா, அப்போதே கேட்டிருக்க வேண்டும், அவனுக்கு எப்போதும் இப்படித்தான், அடுத்தவன் குரலில் என்றால் வாய் கிழியும், தனக்கென்று வந்தால் இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வரும். போனுக்குள் செயல் அலுவலர் பேசிக்கொண்டிருந்தார், வெல்லம் ஒட்டிய குரல், இதைச் செய்வது சுலபம், உதட்டைக் குவித்து வயிற்றிலிருந்து, மக்கள் சேவையே என்று, ச்சே, இப்போதும் செய்து பார்க்கிறான் பார், வீடு பற்றி எரியும்போதும் நெருப்பு மாதிரி சத்தம் போட்டுப் பார்ப்பான். “சார், உங்களுக்கு நன்றி சொல்றதுக்காகவே ஒருத்தங்க லைன்ல காத்திருக்காங்க, யாருன்னு தெரியுதா பாருங்க” என்றாள் செவ்வந்தி அக்கா. மாசானம் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்தான். “ஹலோ?” “ஹலோ… அக்கா… நாந்தான்க்கா மங்கை.” அவன் வாய் மூடியே இருந்தது. கையால் தொட்டுப் பார்த்தான், மூடித்தான் இருந்தது. “எப்படி இருக்கீங்க மங்கை? இப்போ மயக்கமெல்லாம்?” “நல்லாருக்கேன்க்கா, ரொம்ப சந்தோசம்க்கா.” நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கிறது, கால் பெருவிரல் கோலம் போடுகிறது, அவன் நாக்கு, அவன் கால், உடையாத பழைய தொண்டை. பிறகு நடுவில் ஒரு சின்ன இருமல். அந்த இருமல் அவனுக்குத் தெரியும். மினிபஸ் பற்றிப் பேசின வாரத்தில், இதே தொட்டிக்குப் பின்னால், மங்கை பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு கொசு உள்ளே போய்விட்டது, அதைத் துப்பமுடியாமல் வெட்கப்படுவதுபோல இருமிச் சமாளித்தான், அந்தக் கொசு. சந்தோசம்க்கா என்றது கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக் செட் வந்ததைப் பற்றிச் சொன்னது. நல்லாருக்கேன்க்கா என்றது எப்போதும் சொல்வது. அவனிடமிருந்து வெட்டி எடுத்த துண்டுகளை வரிசையாகத் தைத்து, நடுவில் அவள் கேள்விகளை வைத்து, அவனுக்கு முன்னாலேயே நடக்கவிடுகிறாள். அவன் தேவையே இல்லை. ஆடி மாதத்தில் தொண்டை உடைந்ததற்கு அழுதானே, அழுதிருக்க வேண்டாம், மங்கை அங்கே பத்திரமாக இருக்கிறாள், வயசே ஆகாது, மாட்டேன் என்றும் சொல்லமாட்டாள். “பெண்கள் இப்ப நிம்மதியா பஸ்ல போறாங்க, அதுதான் எங்களுக்கு வேணும்” என்று செயல் அலுவலர் மங்கைக்குப் பதில் சொன்னார், உருகிப்போய். பாவம் அவருக்கும் தெரியாது. அல்லது தெரியும். தெரியுமா? சந்து வழியாகப் பார்த்தான். அம்மா இன்னும் அதைக் கேட்கவில்லை, நெட் வழியாக வருகிற நேரலை கொஞ்சம் பின்தங்கித்தான் வரும், போனில் நடந்து முடிந்தது அவள் தார்ப்பாய்க்குக் கீழே வந்துசேர மூச்சு நாலைந்து பிடிக்கும். வந்து சேர்ந்தது. அம்மாவின் முகம் சட்டென்று நிமிர்ந்தது, பிளாஸ்டிக் பையைப் பார்த்து, வாய் லேசாகத் திறந்து, மங்கை நல்லாருக்கேன்க்கா என்று சொன்னதும் அந்த முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை அவன் பார்த்தான், கையெடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பிள்ளை நன்றாக இருக்கிறதாம்.

“ஹலோ கந்தையா சார்! ஆளையே காணோமே!” காதுக்குள் வந்துவிட்டாள், அவ்வளவு பக்கத்தில், ரோஸ்மில்க் வாசம் அடிக்கிற பக்கத்தில். பேசு. “சார்? லைன்ல இருக்கீங்களா?” பேசுல. “எம்பேரு மாசானம்” என்றான். பாதியில் அது கீச்சென்று மேலே போய் மறுபடி பாதாளத்தில் விழுந்தது, இதுதான் நம்முடையது போலிருக்கிறது, வேறு வழியில்லை, இதிலேயே போவோம். “கருவாட்டுக்கட செல்லக்கனி மகன். கந்தையா சாரு நாந்தான். மங்கையும் நாந்தான், இப்ப பேசுனது பழசு, வெட்டி ஒட்டுனது, அப்பிடி ஒரு ஆளே கெடையாது. சார், எங்கம்மாவ அங்க அனுப்பாதீங்க சார். ஊரு ஒண்ணும் சொல்லல சார், நாந்தான் சொன்னேன், இந்த அக்கா சொல்லச் சொன்னாவ.” போனில் அவள் மூச்சு கேட்டது, ஒரே ஒரு மூச்சு, உள்ளே போய் வெளியே வராமல். ஒருவேளை. ஒருவேளை இப்போது அவள் ஒப்புக்கொண்டுவிடலாம், பிறகு அதே சிரிப்பு, வளையல் கூடை சரிந்தது. “மக்களே, கண்டுபிடிச்சீங்களா! நம்ம கந்தையா சார் இன்னிக்குப் பொடியன் குரல்ல வந்து கலக்கறார்! அந்தக் குரல் உடையற இடம் கேட்டீங்களா சார், வேற லெவல்!” கை தட்டல் பொத்தானை அமுக்கினாள், நூறு பேர் தட்டினார்கள். “தத்ரூபமா இருக்கும்மா” என்றார் செயல் அலுவலர், “அப்படியே சந்தைப் பையன் மாதிரியே!” “இல்ல சார், நெசமா சார், அக்கா நெசமாக்கா, நீங்கதான ரோஸ்மில்க்கு” “நெசமாக்காவாம்! எங்க சார் புடிக்கறீங்க இந்த ஸ்லாங்கை?” அதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு நூல் நடுங்கியது, வேறு யாருக்கும் தெரிந்திருக்காது, அவனுக்குத் தெரிந்தது, நடுங்கிக்கொண்டே செய்தாள், தெரிந்தே செய்தாள். பொன்வண்டு சூப்பர் மார்க்கெட், விரைவில். கீக், கீக், கீக்.

அவன் ஓடினான். இன்னும் அது அங்கே போய்ச் சேரவில்லை, தான் பேசியது வழியில் எங்கோ வந்துகொண்டிருக்கிறது, அதற்கு முன்னால் தான் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது, போய் என்ன செய்வான், பிளாஸ்டிக் பையைப் பிடுங்கலாம், அல்லது அம்மாவின் முன்னால் நின்றுகொண்டு இப்ப வரும் பாரு, அது நாந்தான் என்று சொல்லலாம், தக்காளிக் கூடையைத் தாண்டினான், ஒரு சைக்கிளில் இடித்தான், எவனோ கண்ணு அவிஞ்சு போச்சாலே என்று வைதான், போய் நின்றபோது அவனுக்கு முன்னால் அவன் வந்திருந்தான். எம்பேரு மாசானம், என்றது பிளாஸ்டிக் பை. கருவாட்டுக்கட செல்லக்கனி மகன். அம்மா அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், தர்மக்கண் அண்ணாச்சி வெங்காயத்தைத் தராசில் போட்ட கை அப்படியே நின்றது, மாசானம் மூச்சு வாங்கிக்கொண்டு, “அம்மா, நாந்தாம்மா” என்றான். வளையல் கூடை சரிந்தது, கை தட்டினார்கள். அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். “பாத்தியால, எவனோ ஒன்னய மாதிரியே பேசுதான். எம்பேரு அவியளுக்கு எப்பிடித் தெரியும்?” “எவனோ இல்லம்மா. நாந்தான் பேசுனேன், இப்ப, தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு.” “சும்மா கெடல. மிமிக்ரின்னு அந்தப் புள்ளயே சொல்லுதால்லா.” எதிரே நிற்கிறான், மூச்சு அவள் மேல் படுகிறது, அவள் பைக்குள் இருப்பதை நம்புகிறாள். அவனுக்குள் என்னமோ அறுந்தது. “அதாவது பாருங்கம்மா” என்று கரகரத்தான், கந்தையா சாராக, அங்கேயே, சந்தைக்கு நடுவில், மூலக்கடுப்போடு ஒரு காலை மாற்றி வைத்து. அண்ணாச்சி ஓவென்று சிரித்தார். “அச்சா அச்சா, இந்த ஊர்ல ஒரு மார்க்கெட்டு மார்க்கெட்டு மாதிரி கீதா” என்றான் பாலையாவாக. பூக்கடைக்காரி எழுந்து வந்தாள், சைக்கிள்காரன் வைவதை விட்டுவிட்டு வந்தான், “எப்பா, ரேடியோல வர்ற ஆளு மாதிரியே பண்ணுதான் பாரேன்!” “ஒரிஜினல் தோத்துப் போவும்லே!” “செல்லக்கனி, ஒம்மவன டிவியில சேத்துவிடு!” அம்மாகூடச் சிரித்துவிட்டாள், கூட்டத்தைப் பார்த்துப் பெருமையும் கூச்சமுமாக, எவ்வளவு நாளைக்குப் பிறகு அவளைச் சுற்றி இத்தனை பேர் மூக்கைப் பொத்தாமல் நிற்கிறார்கள், அந்தச் சிரிப்பு. நிறுத்தியிருக்கலாம். அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். அவன் மங்கைக்காக நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினான், கண்ணைத் தாழ்த்தினான், பெருவிரலால் மண்ணில் கோலம் போட்டான், வரவில்லை. தகரம்தான் கிழிந்தது. வராமல்போன குரலை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும், இருக்கிற இந்த ஓட்டைத் தொண்டையால், அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். “மறுவீட்டுக்குப் போறப்ப கருவாட்டுக்காரி ஒருத்தி சாக்கோட வந்து பக்கத்துல உக்காந்தா. அவ மேல அடிச்ச நாத்தத்துல…” முடிக்க முடியவில்லை. அது வேடிக்கையாகவே இல்லை, ஒருவரும் சிரிக்கக் காத்திருக்கவும் இல்லை, அது ஒரு பிள்ளை பெற்றவளைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையாக இருந்தது. பிறகு யாரோ ஒருவன் முதலில் கை தட்டினான், எல்லோரும் தட்டினார்கள். அம்மா தட்டவில்லை. சிரிப்பு அவள் வாயில் அப்படியே இருந்தது, எடுத்து வைக்க மறந்ததுபோல, கண் மட்டும் அதைவிட்டுத் தனியாக நகர்ந்து அவன் வாய்க்கு வந்தது, வாயிலிருந்து தொண்டைக்கு, உருண்டு ஏறி இறங்குகிற அந்தத் தொண்டைக்கு, அங்கேயே நின்றது. “ஏல” என்றாள், பக்கத்தில் நின்ற பூக்கடைக்காரிக்குக்கூடக் கேட்காமல். “அப்பம் அந்தப் புள்ள?” அவன் வாயைத் திறந்தான். அம்மா காத்திருந்தாள். “அவ்வளவுதானா, இன்னொண்ணு பண்ணுலே” என்று தர்மக்கண் அண்ணாச்சி வெத்தலை வாயோடு கத்தினார், சுற்றிலும் எல்லோரும் கை தட்டிக்கொண்டு இன்னொண்ணு, இன்னொண்ணு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.